பட்டயம் வாங்காத பொறியாளர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதுகிறேன் என்றேன். யாருடையது என்றார். வில்பர் ரைட் என்றேன். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சின்ன வகுப்புப் பாடம் ஆச்சே என்று சிரித்தார். தெரிந்தது பாதிதான் என்பது என் கருத்து. சைக்கிள் கடைக்காரர்கள் இரண்டு பேர் விமானம் செய்தார்கள் என்று படித்தோம். அந்த விமானத்தை முன்னால் தள்ளிய விசிறியை, அதாவது புரொப்பல்லரை, அவர்கள் எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கடையிலும் இல்லை என்பதுதான் கதை. நான் மெக்கானிக்கல் படிப்பவள் என்பதால் அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்பர் 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து மில்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தார். தம்பி ஆர்வில் 1871 ஆகஸ்ட் 19-ல் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்தவர். அப்பா மில்ட்டன் ரைட் ஒரு பிஷப். போப் ஐயர் 1840-களில் வந்து பள்ளி நடத்திய சாயர்புரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐயர் வீட்டுப் பிள்ளைகள்! சபை வேலையாக அப்பா ஊர் ஊராக மாற, குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போனது. அம்மா சூசன், வண்டி செய்யும் பட்டறைக்காரர் மகள். உளியும் சுத்தியலும் அந்த வீட்டில் அம்மா கையில்தான் பழகின. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கூட அவரே செய்து கொடுப்பாராம்.

1878-ல் அப்பா ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ரப்பரை முறுக்கிவிட்டால் விசிறி சுற்றி, பொம்மை கூரைவரை ஏறும். நாமும் பனை ஓலையைக் கிழித்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, காற்றாடி சுற்றிக்கொண்டு தேரியில் ஓடியவர்கள்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. நம் ஓலைக் காற்றாடியில் காற்று விசிறியைச் சுற்றும். அந்தப் பொம்மையில் விசிறி காற்றைத் தள்ளும். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்பது எனக்கு இந்த வருடம்தான் புரிந்தது.

இனி தலைப்புக்கு வருகிறேன். வில்பர் நன்றாகப் படிக்கிற பிள்ளை. ரிச்மண்ட் நகரில் உயர்நிலைப் பள்ளி நான்கு வருடமும் முடித்துவிட்டார். ஆனால் 1884-ல், சான்றிதழ் கொடுக்கும் நாளுக்கு முன்பே, குடும்பம் டேட்டனுக்குத் திரும்பிவிட்டது. கையில் பட்டயம் வரவில்லை. அடுத்து யேல் பல்கலைக்கழகம் போகலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. 1885-86 குளிர்காலத்தில் உறைபனிமேல் ஹாக்கி ஆடும்போது மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போயின. காயம் ஆறியது, ஆனால் படபடப்பும் சோர்வும் அவரை விடவில்லை. யேல் கனவு அதோடு சரி. அம்மாவுக்கோ காச நோய். மூன்று ஆண்டுகள் வீட்டோடு இருந்து, அம்மாவைப் படுக்கையிலிருந்து தூக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அப்பாவின் அலமாரியில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்தார். அம்மா 1889 ஜூலை 4-ல் இறந்தார்.

இந்த மூன்று வருடத்தை வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனசு வரவில்லை. எங்க வீட்டில் எழுத்து என்று இருந்தது ரேஷன் கார்டும் சுவர்க் காலண்டரும்தான். அப்பா உப்பளத்தில் வேலை. எங்கள் தலைமுறையில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். அதிலும் பொம்பளப் பிள்ளைக்கு மெக்கானிக்கலா என்று சொந்தக்காரர்கள் வாசலில் நின்றே பேசினார்கள். படிப்பு நின்றுபோன ஒருத்தர் வீட்டுக்குள்ளேயே இருந்து படித்தார் என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரணச் செய்தி இல்லை. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவர் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது!

பிறகு நடந்தவை வேகமாக. 1889-ல் தம்பியோடு சேர்ந்து அச்சகம், ஒரு சின்னப் பத்திரிகை. 1892-ல் சைக்கிள் கடை. 1896-ல் சொந்தப் பெயரில் சைக்கிள் தயாரிப்பு. அதே 1896-ல் ஆர்வில் டைபாய்டில் கிடந்தார். அந்த ஆகஸ்டில்தான், ஜெர்மனியில் சறுக்கு விமானத்தில் பறந்துகொண்டிருந்த ஓட்டோ லிலியென்டால் விழுந்து இறந்த செய்தி வந்தது. வில்பர் மனசில் அது தைத்தது. 1899 மே 30-ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பறப்பது பற்றி வெளியான நூல்களின் விவரம் கேட்டார். வந்ததை எல்லாம் படித்தார். சைக்கிள் டியூப் வந்த அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கியபோது, இறக்கையையும் இப்படி முறுக்கி விமானத்தைச் சாய்க்கலாமே என்று பிடிபட்டது.

1900-லும் 1901-லும் வட கரோலினா கடற்கரையில், மணல்மேடும் காற்றும் நிறைந்த கிட்டி ஹாக்கில் சறுக்கு விமானம் விட்டார்கள். மணப்பாடு மணல்மேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் கண்முன் வரும். 1901-ல் ஏமாற்றம். புத்தகத்து அட்டவணைப்படி கணக்குப் போட்டுச் செய்த இறக்கை, சொன்ன அளவு தூக்கவில்லை. வேறொருவர் என்றால் தன் கைவேலையைக் குறை சொல்லி விட்டிருப்பார். வில்பர் அட்டவணையையே சந்தேகப்பட்டார். சைக்கிள் கடையில் 6 அடி நீளத்தில் மரப்பெட்டி ஒன்று செய்து, ஒரு முனையில் மின்விசிறி போல் காற்றுத் தள்ளும் அமைப்பு வைத்து, உள்ளே தகரத் துண்டுகளை இறக்கை வடிவில் வளைத்து நிறுத்தி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் செய்த தராசில் அளந்தார்கள். ஏறத்தாழ 200 வடிவங்கள்! நூறு வருடத்துக்கு மேலாக எல்லாரும் பயன்படுத்திவந்த காற்றழுத்த எண் ஒன்றே மிகையானது என்று தெரிந்தது. அந்தப் புதிய கணக்கில் செய்த 1902 விமானம் சொன்னபடி கேட்டது.

மிச்சம் இரண்டு. இன்ஜின், விசிறி.

இன்ஜினுக்கு ஊர் ஊராகக் கம்பெனிகளுக்கு எழுதினார்கள். இவ்வளவு இலேசாக யாரும் செய்து தரத் தயாரில்லை. கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக், ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் செய்துவிட்டார். நான்கு சிலிண்டர், அலுமினிய வார்ப்பு, 12 குதிரைசக்தி. நமது ஒர்க்ஷாப்பில் அவர் படம் மாட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை, பேரவை கவனிக்க.

விசிறிதான் இலேசாக முடியும் என்று நினைத்தார்கள். கப்பலுக்கு நூறு வருடமாக விசிறி இருக்கிறது. நூலகத்தில் போய் அந்தக் கணக்கை எடுத்து, தண்ணீர் என்ற இடத்தில் காற்று என்று போட்டால் சரி. டேட்டன் நூலகத்தில் தேடினார்கள். கப்பல்காரர்களிடம் கணக்கே இல்லை! ஒன்றைச் செய்து பூட்டுவார்கள், போதவில்லை என்றால் இன்னொன்றைச் செய்து பூட்டுவார்கள். துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலுக்கு அது சரி. ஆயிரம் டாலருக்குக் குறைந்த செலவில் விமானமே முடிக்க வேண்டிய சைக்கிள் கடைக்காரர் எத்தனை விசிறி செய்து உடைக்க முடியும்?

இங்கேதான் வில்பரின் மூளை வேலை செய்தது. விசிறி என்பது திருகாணி இல்லை. அது வட்டத்தில் ஓடும் இறக்கை. விமானம் முன்னால் போய்க்கொண்டே இருக்க, விசிறி சுற்றிக்கொண்டே இருக்க, அதன் ஒவ்வொரு புள்ளியும் காற்றில் ஒரு சுருள் பாதை போடுகிறது. இறக்கைக்கு நாம் பெட்டியில் அளந்து வைத்த கணக்கு நம்மிடம் இருக்கிறதே!

கேட்கச் சுலபம். போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். இறக்கை முழுவதும் ஒரே வேகத்தில் போகும். விசிறியிலோ நுனி ஒரு வேகம், நடு ஒரு வேகம். அவர்கள் விசிறி எட்டரை அடி, அதாவது ஏறத்தாழ 2.6 மீட்டர். நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்து நான் கால்குலேட்டரில் போட்டேன். நுனி வினாடிக்கு 47 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பாதித் தூரத்தில் 24 மீட்டர்கூட இல்லை. விமானம் காற்றில் முன்னேறுவது வினாடிக்கு 13.5 மீட்டர் என்றால், நுனியில் அந்தச் சுருள் பாதையின் சரிவு 16 டிகிரி. பாதித் தூரத்தில் 30 டிகிரி. அதற்குமேல் இறக்கை காற்றை வெட்டும் கோணத்தையும் சேர்க்க வேண்டும். அதனால்தான் விசிறி முறுக்கிய மாதிரி இருக்கிறது. அடியில் செங்குத்தாக, நுனிக்குப் போகப் போகப் படுத்து. கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலை இறக்கையைக் கவனியுங்கள், அங்கேயும் அந்த முறுக்கு உண்டு. 1986-ல் நம் நாட்டில் முதன்முதலாகக் காற்றாலைப் பண்ணை வைத்த இடங்களில் நம்ம தூத்துக்குடியும் ஒன்று என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இதோடு முடியவில்லை. விசிறி சுற்றுவதால் காற்று தானே பின்னால் நகரத் தொடங்கும். அது நகர்ந்தால் கோணம் மாறும். கோணம் மாறினால் தள்ளு விசை மாறும். விசை மாறினால் காற்றின் நகர்வு மறுபடி மாறும். எதைப் பிடித்து எதைக் கண்டுபிடிப்பது? அண்ணனும் தம்பியும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். வீடே அதிரும் அளவுக்குக் கத்துவார்களாம். கடைசியில் பார்த்தால் அண்ணன் தம்பியின் கட்சிக்கும், தம்பி அண்ணன் கட்சிக்கும் மாறியிருப்பார்கள். பிறகு அங்கிருந்து மறுபடி சண்டை! ஐந்து நோட்டுப் புத்தகம் இந்தக் கணக்கால் நிறைந்தது.

முடிவு என்ன தெரியுமா? ஒரு சின்ன விசிறியை வேகமாகச் சுற்றாமல், பெரிய விசிறி இரண்டை மெதுவாகச் சுற்றுவது. நிறையக் காற்றைக் கொஞ்சமாகத் தள்ளினால் சக்தி வீணாவது குறைவு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும்; இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கம் திருகும். இன்ஜினோ ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. சைக்கிள்காரருக்கு இதற்கு யார் சொல்லித் தர வேண்டும்? சங்கிலி! 8 பல்லுக்கு 23 பல். ஒரு பக்கச் சங்கிலியை மட்டும் எட்டுப் போல் குறுக்கே திருப்பிவிட்டார்கள். அந்த விசிறி எதிர்த் திசையில் சுற்றியது. ஸ்புரூஸ் மரப் பலகை மூன்றை ஒட்டி, கைக்கோடாரியாலும் இரண்டு பக்கமும் பிடி உள்ள இழுப்புக் கத்தியாலும் செதுக்கினார்கள். நுனியில் துணி ஒட்டி, வர்ணம் பூசினார்கள்.

அவர்கள் கணக்குப்படி விமானம் பறக்க 90 பவுண்டு, சுமார் 41 கிலோ தள்ளு விசை வேண்டும். கிட்டி ஹாக்கில் நிறுத்தி வைத்து அளந்தபோது 132 பவுண்டுக்குக் குறையவில்லை. அது மட்டுமா? நம் காலத்தில் அதே அளவில் விசிறி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், இன்ஜின் தந்த சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் அது தள்ளு விசையாக மாற்றுகிறது என்று கண்டார்கள். கோடாரியால் செதுக்கியது!

இந்த இடத்தில் எங்கள் சொந்தக் கதை கொஞ்சம். எங்கள் குழு நான்கு பேர். பழைய மொபெட் இன்ஜினில் மர விசிறி பூட்டி, ஸ்பிரிங் தராசில் இழுவிசை அளக்கும் ஒரு சட்டம்தான் எங்கள் புராஜெக்ட். எங்க மாமா தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சர். அவரிடம் போய் நின்றேன். வாய்ச்சியைக் கீழே வைக்காமலே, விசிறின்னா இலை அகலமா இருக்கணும் பிள்ளே, படகு விசிறியைப் பார்த்தது இல்லையா என்றார். தண்ணீர் காற்றைப் போல 800 மடங்கு கனம் மாமா, அங்கே குட்டையும் அகலமும் சரி, இங்கே நீளமும் ஒடுக்கமும் வேணும் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் செய்வோம் என்று தீர்ப்பானது. மாமாவின் அகல விசிறியைப் பூட்டியதும் இன்ஜின் மூச்சு முட்டியது. சுற்று ஏறவே இல்லை. கோணங்களை எழுதிக் கொடுத்துச் செய்த ஒடுக்கமான விசிறியில் இன்ஜின் முழு வேகத்துக்குப் போனது, தராசு முள்ளும் ஏறியது. இன்ஜினுக்குத் தக்க விசிறி, விசிறிக்குத் தக்க இன்ஜின். ஒன்றை மட்டும் பார்த்து மற்றதைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. மாமா இப்போது அந்தக் கோணத் தாளைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் ஏராளம். அவர்களில் சிலர் மாஸ்டா காரில் வரும் வாங்கெல் சுழல் இன்ஜினைப் போடுகிறார்கள். பிஸ்டன் இல்லாமல், முக்கோண ரோட்டார் சுற்றும் இன்ஜின். கைக்கடக்கமானது, அதிர்வு குறைவு. ஆனால் சக்தி வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 6000 சுற்றாவது வேண்டும். 6 அடி விசிறியை நேராக அதில் பூட்டினால் நுனி வினாடிக்கு 570 மீட்டருக்கு மேல் ஓடும். ஒலியின் வேகமே 340 தான்! இரைச்சல் வரும், இழுவிசை வராது. எனவே நடுவில் பல்சக்கரப் பெட்டி. 2.17-க்கு 1 என்று குறைத்தால் நுனி 265 மீட்டர். 2.85-க்கு 1 என்றால் 202 மீட்டர். அப்போது இன்னும் நீளமான, இன்னும் சரிந்த விசிறி போடலாம், ஆனால் அது தரையில் இடிக்காதபடி சக்கரக் கால் உயரமாக வேண்டும். பெட்டிக்குள் இரண்டே பல்சக்கரம் என்றால் சுற்றும் திசை திரும்பிவிடும். விசிறியும் அதற்கேற்ற கையில் செதுக்கியதாக இருக்க வேண்டும். 8 பல், 23 பல், எட்டுப் போல் திருப்பிய சங்கிலி... எல்லாம் அதே கேள்விகள்தான். நம் நாட்டிலும் நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்துக்காக 55 குதிரைசக்தி வாங்கெல் இன்ஜின் உள்நாட்டிலேயே செய்து, 2009-ல் கோலாரில் பறக்கவிட்டார்கள்.

வில்பரிடம் திரும்புவோம். 1903 நவம்பரில் விசிறியின் தண்டு முறிந்தது. பல்சக்கரங்கள் கழன்று கழன்று வந்தன. சைக்கிள் டயர் ஒட்டும் பசையைக் காய்ச்சி ஊற்றி இறுக்கினார்கள். தண்டு மறுபடி விரிசல் விட, ஆர்வில் டேட்டனுக்கு ரயில் ஏறி, திடமான எஃகுத் தண்டோடு டிசம்பர் 11-ல் திரும்பினார். இதற்கிடையில் அரசாங்கத்தின் 50,000 டாலர் உதவியோடு பேராசிரியர் லாங்லி கட்டிய விமானம் டிசம்பர் 8-ல் ஆற்றில் விழுந்திருந்தது. டிசம்பர் 14-ல் காசு சுண்டிப் பார்த்து வில்பர் ஏறினார். மூன்றரை வினாடியில் மணலில் இறங்கியது. 17-ஆம் தேதி தம்பி முறை. 12 வினாடி, 120 அடி. உலகம் கொண்டாடுவது அதைத்தான். அன்றைக்கு நான்காவதாக வில்பர் போனது 59 வினாடி, 852 அடி. என்னைக் கேட்டால் அதுதான் பறப்பு!

1904, 1905-ல் டேட்டன் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் பழகினார்கள். விசிறி கணக்கில் சொன்ன அளவு தள்ளவில்லை என்று 1905-ல் ஒரு சந்தேகம். காற்றின் அழுத்தத்தில் இலை பறக்கும்போது முறுக்கிக்கொள்கிறதோ? விசிறியின் பின் ஓரத்தில் சின்னச் சின்னத் தகடு ஒட்டி, அந்த அழுத்தத்தைச் சமன் செய்து பார்த்தார்கள். கணக்கு ஒத்துவந்தது. பிறகு தகடு இல்லாமலே, நுனியைப் பின்னால் வளைத்துச் செதுக்கினார்கள். அக்டோபர் 5-ல் வில்பர் 39 நிமிடம் பறந்து 24 மைல் கடந்தார்.

1908 ஆகஸ்ட் 8-ல் பிரான்சில் லே மான் நகரில் அவர் பறந்து காட்டியபோது, அதுவரை பொய்யர் என்று எழுதிய பத்திரிகைகள் வாயை மூடின. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 17-ல் அமெரிக்காவில் ராணுவ அதிகாரிகள் முன்னால் ஆர்வில் பறந்தபோது நடந்ததைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. முந்தியதைவிட நீளமான புதிய விசிறி பூட்டியிருந்தார்கள். வானத்தில் ஒரு இலை நீளவாக்கில் விரிசல் விட்டது. அதிர்ந்து ஆடி, வால்பகுதியைப் பிடித்திருந்த கம்பியில் அடித்தது. விமானம் தலைகுப்புற விழுந்தது. கூடச் சென்ற லெப்டினென்ட் தாமஸ் செல்ஃபிரிட்ஜ் இறந்தார். இன்ஜின் விமானத்தில் உயிரிழந்த முதல் மனிதர். வயது 26. ஆர்விலுக்குத் தொடையும் விலா எலும்புகளும் முறிந்தன. தான் அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காதே என்று வில்பர் கடல் கடந்த ஊரில் மனம் உடைந்தார். ஆனால் நான்கு நாளில் மறுபடி பறந்தார். டிசம்பர் 31-ல், கொட்டும் குளிரில், 2 மணி 20 நிமிடம் பறந்து பரிசு வாங்கினார்.

ஆர்விலின் படுக்கை அருகில் போய் உட்கார்ந்தது தங்கை காத்தரின். அந்த வீட்டில் ஓபர்லின் கல்லூரியில் 1898-ல் பட்டம் வாங்கியவர் அவர்தான். பள்ளி ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு வந்தார், திரும்பப் போகவே இல்லை. 52 வயதில் அவர் திருமணம் செய்துகொண்டபோது ஆர்வில் பேச்சை முறித்துக்கொண்டார் என்று படித்தேன். எனக்கு ஆர்வில் மேல் கோபம்தான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வருடமே விசிறி கடைச் சரக்காகிவிட்டது. 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது பாரிஸில் ஷோவியேர் என்பவர் செய்து விற்ற விசிறியில். அந்தச் செய்தி நம் சென்னைவரை வந்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கோமோ டாஞ்சலிஸ் தானே வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியில் கட்ட வைத்த விமானத்தை 1910 மார்ச்சில் சென்னையில் பறக்கவிட்டார். கிட்டி ஹாக்கிலிருந்து சென்னைக்கு ஆறேகால் வருடம்! வாகைக்குளத்தில் நம் விமான நிலையம் வந்தது 1992-ல். அங்கே வந்து இறங்கும் ஏ.டி.ஆர். 72-600 விமானத்தில் இன்ஜினுக்கு ஆறு இலை. தாத்தா விசிறிக்கு இரண்டு.

கடைசிப் பகுதி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 1906 மே 22-ல் காப்புரிமை கிடைத்திருந்தது. 1909 முதல் கர்ட்டிஸ் என்ற விமானக்காரர் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்கு. அவ்வளவு வருடம் பாடுபட்டதை ஒருத்தன் பார்த்துவிட்டுப் போய் அப்படியே செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது? வில்பர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த அந்த மூன்று வருடத்தில் அவர் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பெட்டிக்குள் 200 தகரத்தை நிறுத்தி அளந்த மனிதர், சாட்சிக் கூண்டில் நின்று அதே பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மற்ற நாட்டு விமானங்கள் முந்திப் போயின. என் அபிப்பிராயத்தில், அவர் விட்டுக்கொடுத்து ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியிருக்கலாம். எங்கள் குழுவில் இதற்கு ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. மறுப்பு எழுத விரும்புவோர் அடுத்த மலரில் எழுதலாம்.

நடுவில் ஒரு நல்ல நாள். 1910 மே 25. அண்ணனும் தம்பியும் ஒரே விமானத்தில் ஏறியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். இருவருக்கும் ஒரே விபத்தில் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று அப்பா அதுவரை சம்மதிக்கவில்லை. அன்றைக்கு 81 வயது அப்பாவையும் ஆர்வில் மேலே கூட்டிப்போனார்.

1912 மே மாதம் வில்பருக்கு டைபாய்டு காய்ச்சல். தம்பி 1896-ல் தப்பிய அதே நோய். மே 30-ல் இறந்தார். வயது 45. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஸ்மித்சோனியனுக்கு அந்த முதல் கடிதம் எழுதி அன்றோடு சரியாக 13 ஆண்டுகள். வழக்கில் தீர்ப்பு அவர் பக்கமே வந்தது, 1914 ஜனவரியில். கேட்க அவர் இல்லை. ஆர்வில் 1948 ஜனவரி 30 வரை இருந்தார். இன்ஜின் செய்த சார்லி டெய்லர் கடைசிக் காலத்தில் வறுமைப்பட்டு 1956-ல் இறந்தார்.

ரிச்மண்ட் பள்ளிக்கூடம் வில்பரின் பட்டயத்தை 1994 ஏப்ரல் 16-ல் வழங்கியது. 110 வருடம் தாமதம்.

கிட்டி ஹாக்கில் சுற்றிய அந்த இரண்டு விசிறிகளில் இடப்பக்கத்து விசிறியிலிருந்து ஒரு சிறு மரத்துண்டை நீல் ஆம்ஸ்ட்ராங் 1969 ஜூலையில் சந்திரனுக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தார். விசிறி தள்ளுவதற்கு அங்கே காற்று கிடையாது.